அட்டைக் கல்லறைகளை எள்ளாதீர்!

நகை என்னும் மெய்ப்பாடு நான்கு நிலைக்களன்களில் பிறக்கும் என்று வகுத்தார் தொல்காப்பியர். எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்பன அவை. நகைப்பவனுக்கு நான்கும் ஒன்றுபோலவே தோன்றலாம். வாய் ஒரே விதமாகத்தான் விரிகிறது. ஆனால் உள்ளத்தில் நிகழ்வது ஒன்றன்று. பிறரைத் தாழ்த்தி மகிழ்வது எள்ளல். பிள்ளைத்தன்மையைக் கண்டு நெகிழ்ந்து சிரிப்பது இளமை பற்றிய நகை. முன்னதில் நகைப்பவன் உயரத்தில் ஏறி நிற்கிறான். பின்னதில் குனிந்து குழந்தையின் உயரத்துக்கு இறங்கி வருகிறான். இந்த வேறுபாட்டை நம் காலம் மறந்துவிட்டது என்பதே என் வழக்கு. அதற்கு நான் அழைக்கும் சாட்சி வாசக அன்பர்கள் எதிர்பாராத ஒன்றாக இருக்கலாம். கையில் காசில்லாதவர்கள் எடுத்து, பார்ப்பவர் கைகொட்டிச் சிரிக்கும்படி அமைந்துவிட்ட ஜாம்பித் திரைப்படங்களே அச்சாட்சி.

‘நடமாடும் பிணங்களின் படமா? அதைப் பற்றி எழுதவும் ஒரு கட்டுரையா?’ என்று புருவம் உயர்த்துவோர் சற்றுப் பொறுத்தருள்க. ஜாம்பி என்பது ஹைட்டி நாட்டு மக்களின் நம்பிக்கையிலிருந்து புறப்பட்ட சொல். பிரெஞ்சுக்காரரின் கரும்புத் தோட்டங்களில் ஆப்பிரிக்க அடிமைகள் உழைத்து மடிந்த மண் அது. அந்த அடிமைகளே போரிட்டு 1804இல் விடுதலை பெற்றனர். ஆயினும் பழைய அச்சமொன்று அவர்தம் கதைகளில் தங்கிவிட்டது. மந்திரக்காரன் ஒருவன் பிணத்தை எழுப்பி, தன்னினைவற்ற உடலாக்கி, மீண்டும் தோட்டத்தில் வேலை வாங்குவான் என்பதே அந்த அச்சம். சாவும் விடுவிக்காத அடிமைத்தனம்! ஜாம்பி என்பதன் பொருள் முதலில் இதுதான்.

அமெரிக்கப் படைகள் 1915 முதல் 1934 வரை ஹைட்டியைத் தம் பிடியில் வைத்திருந்த காலத்தில் இக்கதைகள் அமெரிக்காவைச் சென்றடைந்தன. வில்லியம் சீப்ரூக் 1929இல் வெளியிட்ட ‘தி மேஜிக் ஐலண்ட்’ என்ற நூல் அவற்றைப் பரப்பியது. மூன்றே ஆண்டுகளில், 1932இல், ஹால்பெரின் சகோதரர்கள் ‘ஒயிட் ஜாம்பி’ என்ற படத்தை வெளியிட்டனர். பிற படங்களுக்காக எழுப்பப்பட்டிருந்த அரங்குகளை வாடகைக்குப் பிடித்து, பதினொரு நாள்களில் படப்பிடிப்பை முடித்தனர் என்பர். நடிப்பு விறைப்பானது, உரையாடல் தேங்கித் தேங்கி நகர்கிறது. ஆயினும் அதில் வரும் கரும்பாலைக் காட்சியை மறக்க இயலாது. ஒளியற்ற விழிகளோடு கூலிகள் ஆலையைச் சுற்றுகின்றனர். ஒருவன் இடறி இயந்திரத்துக்குள் விழுகிறான். எவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. சக்கரம் நிற்பதுமில்லை. மனிதனைக் கருவியாக்கும் கொடுமையை அந்த மரச்சக்கரத்தின் கிறீச்சொலி ஒன்றே சொல்லிவிடுகிறது.

ஜாம்பிப் படம் ஏழையின் கலையாக வளர்ந்ததற்குக் காரணம் உண்டு. அரசர் கதைக்கு அரண்மனை வேண்டும். போர்க் கதைக்குப் படை வேண்டும். காதல் கதைக்கும் காண்போர் விரும்பும் முகங்கள் வேண்டும். ஜாம்பிக்கு வேண்டுவது என்ன? கிழிந்த சட்டை, முகத்தில் வெளிறிய பூச்சு, தள்ளாடும் நடை. வசனம் ஒன்றும் இல்லை. நடிக்கத் தெரியாமல் விறைத்து நிற்பது பிற படங்களில் குற்றம். இங்கே அதுவே பாத்திரத்தின் இயல்பு. ஆகவே அண்டை வீட்டார், கடைக்காரர், கல்லூரித் தோழர், அத்தை, மாமா என எவரும் வந்து அரை நாள் பிணமாக நடந்துவிட்டுப் போகலாம். தேர்ந்தவர்க்கு மட்டுமே கதவு திறக்கும் திரையுலகில், எவரும் உள்ளே வரலாம் என்று திறந்துகிடக்கும் பின்வாசல் இது.

இதைக் கண்டுகொண்டவர்கள் பிட்ஸ்பர்க் நகரில் விளம்பரப் படங்கள் எடுத்துப் பிழைத்துவந்த சில இளைஞர்கள். ஜார்ஜ் ரொமீரோவும் அவர் கூட்டாளிகளுமாகப் பத்துப் பேர், தலைக்கு 600 டாலர் போட்டு 1967இல் படம் எடுக்கத் தொடங்கினர். இடிக்கப்படவிருந்த பண்ணை வீடொன்று அரங்கமாயிற்று. கறுப்பு வெள்ளைப் படமாதலால் சாக்லேட் பாகு குருதியாயிற்று. பணம் போட்டவர்களே நடித்தனர். ஊரார் பிணங்களாக நடந்தனர். முடிவில் ஆன செலவு ஏறத்தாழ 1,14,000 டாலர். 1968 அக்டோபரில் வெளிவந்த ‘நைட் ஆஃப் த லிவிங் டெட்’ அதுவே. கறுப்பினத்தவரான டுவேன் ஜோன்ஸ் அதன் கதைத்தலைவர். இரவெல்லாம் பிணங்களோடு போராடிப் பிழைத்த அவரை, விடிந்ததும் துப்புரவு செய்ய வந்த துப்பாக்கிக் கூட்டம் பிணமென்று எண்ணிச் சுட்டுத் தீயில் இடுகிறது. அதே ஆண்டு ஏப்ரலில்தான் மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். அந்த இறுதிக் காட்சியை வெறும் பேய்க்கதை என்று யார் கொள்ள முடியும்?

விநியோகித்தவர்கள் படத்தின் தலைப்பை மாற்றியபோது பதிப்புரிமைக் குறிப்பை விட்டுவிட்டனர். அதனால் படம் பொதுச்சொத்தாயிற்று. யாரும் திரையிடலாம், யாரும் விற்கலாம் என்றாகி, எடுத்தவர்களுக்குச் சேரவேண்டிய பெரும்பணம் சேராமலே போயிற்று. 1999இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் பேணும் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் அப்படம் இடம்பெற்றது. ஏழைகள் எடுத்த ஒரு படத்துக்கு நாடு மாலை சூட்டிவிட்டது.

ஆனால் வென்றவரைப் போற்றுவது எளிது. நம் உள்ளத்தின் தரம் தோற்றவரை நடத்தும் முறையில்தான் வெளிப்படுகிறது. ஆகவே தோற்றவர் ஒருவரிடம் வருவோம்.

எட் வுட் என்ற இயக்குநர் 1956இல் ஒரு படம் எடுத்தார். ‘பிளான் 9 ஃப்ரம் அவுட்டர் ஸ்பேஸ்’ என்ற பெயரில் அது பின்னர் வெளியாயிற்று. பேரண்டத்தையே அழிக்கவல்ல குண்டை மனிதர் செய்துவிடுவர் என்று அஞ்சிய வேற்றுக்கோளினர், கல்லறைகளிலிருந்து பிணங்களை எழுப்பி மனிதரை எச்சரிக்கப் புறப்படுவதே கதை. அணுகுண்டின் நிழலில் வாழ்ந்த தலைமுறைக்கு அது அற்பமான செய்தியன்று. ஆனால் எடுத்த விதம்? கல்லறைக் கற்கள் ஆடுகின்றன. ஒரே காட்சியில் ஒரு கணம் பகல், மறு கணம் இரவு. விமானி அறை எனக் காட்டப்படுவதில் ஒரு திரைச்சீலையும் இரு நாற்காலிகளும் இருக்கின்றன, விமானம்தான் இல்லை.

அப்படத்துக்குப் பணம் கொடுத்தவர்கள் பாப்டிஸ்ட் சபையைச் சேர்ந்த சிலர். இதில் வரும் வருவாயைக் கொண்டு சமயப் படங்கள் எடுக்கலாம் என்று அவர்கள் நம்பினர். ‘கல்லறைத் திருடர்கள்’ என்று பொருள்படும் முதல் தலைப்பு அவர்களுக்கு ஒவ்வாததால் மாற்றப்பட்டது. அவர்கள் விருப்பப்படி எட் வுட்டும் நடிகர் சிலரும் திருமுழுக்கும் பெற்றனர். இதைக் கேட்டுச் சிரிக்காதவர் யார்? நானும் சிரித்தேன். ஆனால் அடுத்த செய்தியைக் கேளுங்கள்.

ஒரு காலத்தில் டிராகுலாவாக உலகை நடுங்கவைத்த பேலா லுகோசி, போதைப்பழக்கத்தாலும் வறுமையாலும் நொறுங்கி, திரையுலகம் கைவிட்ட முதியவராக இருந்தார். அவரைக் கைவிடாதவர் எட் வுட். வேறொரு முயற்சிக்காக லுகோசியை வைத்து, ஒலியில்லாத சில நிமிடக் காட்சிகளை அவர் எடுத்து வைத்திருந்தார். 1956 ஆகஸ்டில் லுகோசி இறந்தார். அவர் கடைசியாக நடித்த அந்தத் துணுக்குகளை எட் வுட் வீசிவிடவில்லை; அவற்றைச் சுற்றி ஒரு முழுப் படத்தையே கட்டினார். எஞ்சிய காட்சிகளுக்கு, தம் மனைவிக்கு முதுகெலும்பு வைத்தியம் செய்தவரை அழைத்துவந்து, மேலங்கியால் முகத்தை மறைத்துக்கொண்டு நடக்கச் செய்தார். அந்த மனிதர் லுகோசியைவிட உயரமானவர். சாயலில் ஒற்றுமையே இல்லை. உலகமே இதைச் சொல்லிச் சிரிக்கிறது. சிரிக்கட்டும். ஆனால் முகத்தை மறைத்த அந்தத் துணிக்குப் பின்னே, இறந்த நண்பரை இன்னொரு முறை திரையில் நடக்கவைக்க முயன்ற ஒருவரின் பற்று தெரியவில்லையா?

எட் வுட் குடிப்பழக்கத்தில் வீழ்ந்தார். வாடகை கொடுக்க இயலாமல் வீட்டைவிட்டு வெளியேற்றப்பட்டு, சில நாள்களில், 1978 டிசம்பரில், 54ஆம் வயதில் மாண்டார். இரண்டாண்டுகள் கழித்து, 1980இல், மெட்வெட் சகோதரர்கள் ஒரு நூல் வெளியிட்டனர். அதில் அவருடைய படத்துக்கு ‘எக்காலத்துக்கும் மிக மோசமான படம்’ என்றும், அவருக்கு ‘மிக மோசமான இயக்குநர்’ என்றும் பட்டம் சூட்டப்பட்டன. எதிர்த்துப் பேச அவர் உயிரோடு இல்லை. அந்த நூலால்தான் அவர் பெயர் மீண்டும் பரவியது என்பது உண்மை. அதை நான் மறைக்கவில்லை. ஆனால் நடந்தது என்ன? கூடிக் குடித்து, திரையை நோக்கிக் கூச்சலிட்டு மகிழும் வழக்கம் ஒன்று பிறந்தது. படத்தில் பறக்கும் தட்டுகள் வெறும் காகிதத் தட்டுகள் என்றும், வாகனச் சக்கரத்தின் மூடிகள் என்றும் கதை கட்டினர். உண்மையில் அவை கடையில் விற்ற பொம்மை மாதிரிகள். இருக்கும் குறைகள் எள்ளுவோருக்குப் போதவில்லை. இல்லாத குறைகளையும் சேர்த்துக்கொண்டனர். எள்ளலின் இயல்பே இதுதான். அது உண்மையோடு நிறைவடைவதில்லை.

‘அப்படியானால் பழுதைப் பழுது என்று சொல்லவே கூடாதா?’ என்று கேட்பீர்கள். சொல்லலாம், சொல்ல வேண்டும். ஆனால் பழுதுகள் எல்லாம் ஓரினத்தவை அல்ல. இயலாமையால் வரும் பழுது ஒன்று; அலட்சியத்தால் வரும் பழுது மற்றொன்று; பாசாங்காகச் செய்யும் பழுது மூன்றாவது. இயலாதவன் கை எட்டாத உயரத்தை நோக்கி எம்புகிறான்; அவன் கைக்கும் கனிக்கும் உள்ள இடைவெளி நம் கண்ணுக்குத் தெரிகிறது. அந்த இடைவெளியில்தான் இத்தகைய படங்களின் வசீகரம் இருக்கிறது. கை எட்டிவிட்ட படத்தில் கனியைத்தான் காண்கிறோம். எட்டாத படத்தில் எம்புகிற மனிதனைக் காண்கிறோம். அலட்சியக்காரனோ எம்பவே இல்லை. ‘எதைக் கொடுத்தாலும் இவர்கள் பார்ப்பார்கள்’ என்று காண்போரை மதியாமல் கொட்டிவிட்டுக் காசு வாங்கிக்கொள்கிறான். அவனைக் கண்டியுங்கள், நானும் சேர்ந்து கண்டிப்பேன்.

மூன்றாவது வகையே எனக்குப் பெருஞ்சினம் மூட்டுவது. 2007இல் ஹாலிவுட்டில் ‘கிரைண்ட்ஹவுஸ்’ என்ற இரட்டைப் படம் வெளியாயிற்று. ராபர்ட் ரோட்ரிகஸ் எடுத்த ஜாம்பிப் படமான ‘பிளானட் டெரர்’ அதில் ஒரு பாதி. ஐந்து கோடி டாலருக்கும் மேல் செலவு. அந்தப் பணத்தைக் கொண்டு என்ன செய்தார்கள்? புதிய படத்தின்மேல் பழைய கீறல்களை வரைந்தார்கள். நடுவில் ஒரு சுருள் தொலைந்துவிட்டது என்று அறிவிப்புப் போட்டார்கள். பழைய மலிவுப் படங்களின்மீது கொண்ட காதலால் இப்படிச் செய்தோம் என்றனர். அந்தக் காதலை நான் ஐயுறவில்லை. படத்தின் விறுவிறுப்பையும் மறுக்கவில்லை. ஆனால் பசித்தவன் உடுத்த கந்தல் வேறு. செல்வன் தையற்காரரிடம் சொல்லித் தைத்துக்கொண்ட கந்தல் வேறு. ஏழையின் படத்தில் சுருள் தொலைந்தால் அவன் அழுதிருப்பான். இங்கே அது நகைச்சுவையாகிறது. வறுமையை அனுபவிக்காமலே அதன் அழகை மட்டும் எடுத்துக்கொள்ளும் இந்த முயற்சியில் எம்புகிற மனிதன் இல்லை; எம்புவதுபோல் நடிப்பவன்தான் இருக்கிறான்.

இனி, பக்தியுள்ள அன்பர்கள் எழுப்பும் தடைக்கு வருவேன். பிணங்கள் எழுந்து நடப்பதாகக் காட்டுவது உயிர்ப்பின் மறைபொருளை இழிவுபடுத்துவதாகாதா என்பர் அவர்கள். இது அலட்சியப்படுத்தத்தக்க கேள்வியன்று. ஆனால் கூர்ந்து நோக்கினால் ஜாம்பி உயிர்ப்பின் கேலிச்சித்திரம் அன்று. அதன் நேர் எதிர்மறை. யோவான் நற்செய்தியில் இலாசர் கல்லறையைவிட்டு வெளியே வந்தபோது கட்டுகள் அவிழ்க்கப்பட்டன; பின்னர்ப் பெத்தானியாவில் நடந்த விருந்தில் மார்த்தா பணிவிடை செய்ய, அவரும் பந்தியில் அமர்ந்திருந்தார். உறவு திரும்பி வந்தது. ரொமீரோவின் படத்திலோ, கல்லறைத் தோட்டத்தில் மாண்ட ஜானி திரும்பி வந்து, உடன்பிறந்தவளான பார்பராவையே பிணக்கூட்டத்துக்குள் இழுத்துச் செல்கிறான். அவன் கண்கள் அவளை அறியவில்லை. உடல் மட்டும் திரும்பி, அன்பு திரும்பாவிட்டால் அது எத்துணைக் கொடியது! உயிர்ப்பு என்பது வெறும் உடலின் அசைவன்று என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் திரைக்காட்சி வேறு இருந்தால் சொல்லுங்கள்.

இன்னொரு தடையை முழுமையாக ஏற்கிறேன். இவ்வகைப் படங்களுள் பல குடலையும் குருதியையும் காட்டுவதையே குறிக்கோளாகக் கொண்டவை. பெண்களைச் சந்தைப் பொருளாக்கியவையும் உண்டு. அவற்றுக்காக நான் வாதாடவில்லை. பிள்ளைகள் முன் இவற்றைத் திரையிடுங்கள் என்றும் சொல்லவில்லை. வறுமை எதற்கும் மன்னிப்புச் சீட்டாகாது. நான் காக்க முற்படுவது, நேர்மையாக முயன்று தவறிய கைகளை மட்டுமே.

அத்தகைய கைகள் இன்றும் உள்ளன. மார்க் பிரைஸ் என்பவர் பிரிட்டனில் எடுத்த ‘காலின்’ என்ற ஜாம்பிப் படம் 2009இல் கான் நகரத் திரைப்படச் சந்தைக்குச் சென்றது. அதன் செலவு 45 பவுண்டு என்று அறிவித்தனர். ஒரு கடப்பாரை, சில ஒளிப்பதிவு நாடாக்கள், நடிக்க வந்தவர்களுக்குத் தேநீர், காப்பி, இவையே அச்செலவு. ஒப்பனைக் கலைஞர்கள் தங்கள் பெட்டிகளைத் தாங்களே கொண்டுவந்தனர். பிணங்களாக நடிக்க இணையத்தின் வழியே அழைக்கப்பட்டவர்கள் கூலியின்றி வந்தனர். படம் மங்கலாகத் தெரிகிறது, கேமரா நடுங்குகிறது. ஆனால் அது ஜாம்பியாகிவிட்டவனின் பக்கம் நின்று கதை சொல்கிறது. கூட்டத்துள் ஒரு பிணமாக மட்டும் மற்றவர் காண்பவனை, ஒருவனாக நாம் பின்தொடர்கிறோம். செல்வம் கொழிக்கும் படங்கள் ஆயிரக்கணக்கில் கணினியால் படைத்து அழிக்கும் கூட்டத்திலிருந்து ஒருவனை மட்டும் எடுத்து, பெயரிட்டு, அவனோடு நடக்க அந்த 45 பவுண்டு போதுமானதாயிற்று.

என் கடைசிச் சாட்சி ஜப்பானிலிருந்து வருகிறது. ஷினிச்சிரோ உவேடா இயக்கிய ‘ஒன் கட் ஆஃப் த டெட்’ 2017இல் முதலில் திரையிடப்பட்டது. ஏறத்தாழ முப்பது லட்சம் யென் செலவில், பயிற்சிப் பட்டறையில் சேர்ந்த அறியப்படாத நடிகர்களைக் கொண்டு எடுத்தது. முதல் 37 நிமிடங்கள் வெட்டே இல்லாத ஒரே காட்சி. அதுவோ ஒரு மட்டமான ஜாம்பிப் படம். நடிகர்கள் பேச்சற்றுத் திகைத்து நிற்கின்றனர். தொடர்பில்லாமல் பொழுதுபோக்குகளைப் பற்றி உரையாடுகின்றனர். ஒருவர் காரணமின்றி வெளியே ஓடுகிறார். கேமரா தரையில் விழுந்து கிடக்கிறது. நாம் எள்ளி நகைக்கிறோம். பிறகு படம் காலத்தில் பின்னோக்கிச் சென்று, அதே காட்சியைக் கேமராவுக்குப் பின்னாலிருந்து காட்டுகிறது. அது நேரடி ஒளிபரப்பாம், நிறுத்த வழியில்லையாம். நடிக்க வேண்டியவர்கள் விபத்தால் வரவில்லை. ஒருவர் குடித்துவிட்டுக் கிடக்கிறார், இன்னொருவருக்கு வயிற்றுப்போக்கு. கேமரா விழுந்தது, ஒளிப்பதிவாளரின் முதுகு பிடித்துக்கொண்டதால். அந்தத் தொடர்பற்ற உரையாடல், அடுத்த நடிகர் தயாராகும்வரை நேரத்தைக் கடத்த மற்றவர்கள் பட்ட பாடு. நாம் சிரித்த ஒவ்வொரு பழுதுக்குப் பின்னும் ஒரு மனிதன் ஓடிக்கொண்டிருந்தான்!

அரங்கில் மீண்டும் சிரிப்பு எழுகிறது. ஆனால் இது முதலில் சிரித்த சிரிப்பன்று. எள்ளலாகத் தொடங்கியது அன்பாக முடிகிறது. உள்ளே நுழைந்தபோது ஏறி நின்ற உயரத்திலிருந்து காண்போர் அறியாமலே இறங்கிவிடுகின்றனர். 2018இல் ஜப்பானில் இருபது லட்சத்துக்கும் மேற்பட்டோர் அதைக் கண்டனர். வசூல் முந்நூறு கோடி யென்னைத் தாண்டியது. இந்த இறக்கம் மக்களுக்கு எவ்வளவு தேவைப்பட்டிருக்கிறது, பாருங்கள்!

எள்ளுவோரை நோக்கி இறுதியாக ஒன்று கேட்பேன். குறையில்லாத கருவிகளோடும், போதிய பணத்தோடும், வேண்டிய காலத்தோடும் தன் வேலையைச் செய்து முடித்தவர் உங்களுள் எவர்? குறைந்த கூலியில் மகளின் திருமணத்தை நடத்திய தந்தை, ஒற்றை அறையில் ஐந்து வகுப்புகளுக்குக் கற்பித்த ஆசிரியை, கிடைத்த வார்த்தைகளைக் கொண்டு துக்க வீட்டில் ஆறுதல் சொன்னவர் ஆகிய எல்லாரும் அட்டைக் கல்லறைகளை நட்டவர்களே. அருகே வந்து தட்டிப் பார்த்தால் அவையும் ஆடத்தான் செய்யும். அவற்றைக் காண்பவர் எந்த நகையைத் தெரிந்தெடுக்கிறார் என்பதில் அவர்களுடைய மானம் மட்டுமன்று, அவருடைய மனிதத்தன்மையும் அடங்கியிருக்கிறது.

அந்த ஜப்பானியப் படத்தின் முடிவில், மேலிருந்து எடுக்க வேண்டிய கடைசிக் காட்சிக்கான தூக்குக் கருவி உடைந்துவிடுகிறது. அந்தக் காட்சியே வேண்டாம் என்று சொல்லிவிடலாம். தொலைக்காட்சியில் பார்ப்பவருக்குத் தெரியப் போவதில்லை. ஆனால் அவர்கள் விடவில்லை. நடிகர், ஒப்பனையாளர், உதவியாளர் எல்லாரும் மண்ணில் மண்டியிட்டு, ஒருவர் முதுகின்மேல் ஒருவராக ஏறி, மனிதக் கோபுரம் ஒன்றைக் கட்டுகின்றனர். அதன் உச்சியில் இயக்குநர் தம் மகளைத் தோளில் சுமக்க, அவள் கேமராவை உயர்த்திப் பிடிக்கிறாள். கோபுரம் நடுங்குகிறது, ஆகவே படமும் நடுங்குகிறது. அந்த நடுக்கத்தைக் கண்டு சிரியுங்கள், அன்பர்களே! ஆனால் கீழே எத்தனை முதுகுகள் வளைந்திருக்கின்றன என்பதை அறிந்து சிரியுங்கள்.